புகைச் சோதனையில் சிக்காத ஒரு குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் இறங்கத் தொடங்கியதும், இருசக்கர வாகனப் பட்டறைகளுக்கு ஒரே விதமான புகாருடன் வண்டிகள் வருவதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்ணிறக் கசடு படிந்திருக்கிறது. இதற்குப் பல பட்டறைகளில் இப்போது செய்யப்படும் வைத்தியம், என்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் பிரீத்தர் குழாயைக் கழற்றி, அதன் வாயைப் பின்சக்கரத்துக்கு முன்னால் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, பெட்டியில் எஞ்சும் ஓட்டையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிடுவதாகும். ஐந்து நிமிட வேலை, செலவும் அனேகமாக இல்லை என்பதால் இது வேகமாகப் பரவிவருகிறது. மலைப்பகுதியில் இந்த மாற்றம் கூடாது என்பதையும், அதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும், சிலிண்டருக்குள் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் கசியத்தான் செய்யும். அந்த வாயுவில் நீராவியும் கரியமில வாயுவும் மட்டுமல்லாமல் எரியாத பெட்ரோல் ஆவியும் கலந்திருக்கும். உள்ளே சுழலும் பாகங்கள் தெறிக்கவைக்கும் ஆயில் நுண்துளிகளும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. 350 சிசி என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது, பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும், அதாவது ஒரு நொடியில் 60 முறைக்கு மேல், மூன்றில் ஒரு பங்கு லிட்டருக்குச் சற்று மேலான காற்றைத் தனக்குக் கீழே அழுத்தித் தள்ளுகிறது. இவை வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களைப் பிதுக்கித் தள்ளிவிடும். அந்த வழிதான் பிரீத்தர் குழாய். அதன் மறுமுனையை ஏர் ஃபில்டர் பெட்டியில் செருகியிருப்பதற்குக் காரணம், பெட்டியில் நிலவும் மெல்லிய உறிஞ்சல் அந்த ஆவியை இழுத்து, புதிய காற்றோடு சேர்த்து மறுபடியும் சிலிண்டருக்குள் எரியவிடும் என்பதே.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் கார்களில்கூட இந்த ஆவியைச் சாலையை நோக்கியே விட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தபோது நடந்த ஆய்வுகளில், காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பன்களில் (எரியாத எரிபொருள் ஆவியில்) கணிசமான பங்கு சைலன்சரிலிருந்து அல்லாமல் கிராங்க்கேஸிலிருந்து வருவது தெரியவந்தது. கலிஃபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அந்த ஆவியை என்ஜினுக்கே திருப்பும் ஏற்பாடு வந்தது. நம் மலைகளில் பல ஆண்டுகள் ஓடிய பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டிலும், வாத்து அலகு வடிவ ரப்பர் வால்வு ஒன்றின் வழியாக ஆவி வெளியேதான் போனது. அந்த வண்டிகளில் தொழில் கற்ற மூத்த மெக்கானிக்குகளுக்குப் பிரீத்தர் வாய் வெளியே இருப்பது இயல்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த என்ஜின்களில் வெளிக்காற்றை உள்ளே விடாத அந்த ரப்பர் வால்வு இருந்தது. இன்று தொங்கவிடப்படும் குழாய்களில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

இந்தக் கசடு சமவெளியைவிட இங்கே அதிகம் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அரை மணி நேரம் ஓடிய வண்டியின் ஆயில் சூடேறி அந்த நீரை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் இங்கே அது இன்னும் எளிதாக நடக்க வேண்டும் என்றுகூட ஒருவர் வாதிடலாம். ஆனால் டிசம்பர் மாதக் காலையில் உதகைக்குள்ளேயே சேரிங்கிராஸிலிருந்து பிங்கர்போஸ்ட் வரை போய்த் திரும்பும் வண்டியின் ஆயில் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போவதில்லை. குளிர்ந்த குழாயின் உட்சுவரில் நீராவி துளியாகி, ஆயிலுடன் கலந்து வெளுத்துப்போகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கே காற்றழுத்தம் இருக்கும் இடத்தில் சமவெளிக்கான ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) பெட்ரோலை அதிகமாக விட, அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளுத்த ஆயிலைக் காட்டி, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, தண்ணீர் இறங்குகிறது என்று வாடிக்கையாளரை அச்சுறுத்துவதும் சில இடங்களில் நடக்கிறது. காற்றால் குளிரும் என்ஜினில் இறங்குவதற்குத் தண்ணீரே கிடையாது.

குழாயைத் திருப்புகிறவர்களின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆயில் படிந்த காகித ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் பிசுக்கு ஏறி, ஐடில் (த்ராட்டில் திருகாதபோது என்ஜின் ஓடும் மெதுவான ஓட்டம்) தடுமாறும். உள்ளே போகும் கலவையில் ஆயில் ஆவி மிகுந்தால் ஏற்றத்தில் என்ஜின் தட்டும் ஓசை எழுவதற்கும் இடமுண்டு. இவை நோயின் அறிகுறிகள்தாம். ஆனால் குழாயை வெளியே விடுவதால் ஆயிலும் நீரும் குறைவதில்லை. போய் விழும் இடம்தான் மாறுகிறது.

மாறும் இடம் எது என்பதைப் பார்ப்போம். பிஸ்டன் இறங்கும்போது தள்ளும் காற்றை ஏறும்போது திரும்ப இழுக்கும். வால்வு இல்லாத குழாயின் வாய் சாலைக்கு அருகே இருந்தால், அது இழுப்பது வடிகட்டப்படாத காற்றையும், மூடுபனியின் ஈரத்தையும், பின்சக்கரம் கிளப்பும் சேற்றுத் தூசியையும்தான். குழாய் நடுவில் தாழ்ந்து தொங்கினால் அந்த வளைவில் நீர் தேங்கும். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும் காலைகளில் அது உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அப்புறம் சீல் பிதுங்கி ஆயில் கசியும்போது வாடிக்கையாளர் குழாயை நினைத்துப் பார்ப்பதில்லை. பெட்டியில் அடைத்த ரப்பர் மூடி குலுங்கிக் கழன்றால், ஃபில்டருக்குப் பின்பக்கம் அந்த ஓட்டை உள்ள வண்டிகளில் தூசி நேராகச் சிலிண்டருக்கே போகும்.

ஒரு வண்டியிலிருந்து விழுவது சில துளிகளே என்பது சரி. ஆனால் அவை விழும் இடம் அந்த வண்டியின் பின்டயருக்கு முன்னால். பாதை பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளோ, 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையோ. பருவம் சாரலும் மூடுபனியும். சாய்ந்து திரும்பும் டயரின் ஓரத்தில் ஆயில் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. உலக அளவிலான சூப்பர்பைக் பந்தயங்களின் விதிகளே பிரீத்தர் குழாய் ஏர்பாக்ஸில், அதாவது ஏர் ஃபில்டர் பெட்டியில்தான் முடிய வேண்டும் என்கின்றன. பந்தய வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டரை மாட்டி, பிரீத்தரை அனாதையாகத் தொங்கவிட்டு மலையேறும் இளைஞர்கள் இதைக் கவனிப்பது நல்லது. மழை கழுவிக்கொண்டுபோகும் எண்ணெய் கோடப்பமந்து கால்வாய் வழியாக உதகை ஏரிக்கும், குன்னூர் ஆற்றின் வழியாகப் பவானிக்கும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரியான வைத்தியம் கடினமானதல்ல. முதலில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் சேர்வதற்கு மிகச் சாதாரணமான காரணம், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருப்பதே. மலையூரில் இது எளிதாக நேர்கிறது, ஏனெனில் சமதளம் கிடைப்பதே அரிது. சரிவான சந்தில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவைப் பார்த்தால் சில என்ஜின்களில் ஆயில் குறைவாகத் தெரியும். மேலும் கால் லிட்டர் ஊற்றப்படும். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து பிரீத்தருக்கு அனுப்பும். வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்தி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் முறைப்படி அளந்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் ஆயிலைச் சற்று முன்கூட்டியே மாற்றுவதும், வாரம் ஒருமுறையாவது வண்டியை நன்றாகச் சூடேறும் தூரம் ஓட்டுவதும், பெட்டியின் அடியில் உள்ள வடிகுழாயின் மூடியைக் கழற்றித் தேங்கியதை அகற்றுவதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் கியரிலேயே இறங்கிவிட்டு மறுபடி த்ராட்டில் திருகும்போது வரும் நீலப் புகைக்குப் பிரீத்தரைக் குற்றம் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் வால்வு சீலும் ரிங்கும் தேய்ந்ததன் அடையாளம், குழாயைத் திருப்பினால் நிற்காது.

இவ்வளவுக்கும் பிறகும் ஆயில் வந்தால், என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையே கேட்ச் கேன் எனப்படும் மூடிய சேகரிப்பு டப்பா ஒன்றைப் பொருத்தலாம். ஆயிலும் நீரும் அதில் தங்கிவிடும். ஆவி மட்டும் பழையபடி பெட்டிக்கே போகும். குளிர்காலத்தில் அதை அடிக்கடி வடிக்க வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் கழிவு ஆயில் டின்னில் சேர்க்க வேண்டும்.

சட்டத்தின் நிலையிலும் குழப்பமில்லை. 1.4.2020 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ் 6 என்னும் வாகன மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கிராங்க்கேஸ் ஆவி வெளிக்காற்றில் கலக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு, காற்று மாசு தொடர்பான தரங்களை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. சிக்கல் கண்காணிப்பில்தான். புகைச் சான்றிதழுக்கான சோதனையில் பெட்ரோல் வண்டியின் சைலன்சருக்குள் குழலைச் செருகி, ஐடிலில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். பிரீத்தரைக் கழற்றிய வண்டி அதில் தேறிவிடும். ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவி இனி என்ஜினுக்குள் போகாததால், சில வண்டிகளில் அளவு முன்பைவிடக் குறைவாகவே காட்டும். சாலையில் அதிக மாசைக் கொட்டும் வண்டி சான்றிதழில் நல்ல பெயர் வாங்குகிறது.

எனவே போக்குவரத்துத் துறை, நீலகிரி மாவட்டத்தில் உள்ள புகைச் சோதனை மையங்கள் சான்றிதழ் வழங்கும் முன் பிரீத்தர் குழாய் பெட்டியில் செருகப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுமாறு உத்தரவிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. குனிந்து பார்த்தால் போதும். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் இருசக்கர வாகனங்களில் இதை முதலில் தொடங்கலாம். ஒரே வண்டியைப் பழக்கமில்லாத பலர் ஓட்டுவதால் அங்கேதான் அவசரம் அதிகம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
குன்னூர்.