குளிர் ஊரிலும் கை வேர்க்கும்

ஆசிரியருக்கு,

வேர்வை என்றால் கீழ்நாட்டுக்காரர்கள் பாடு என்றே நீலகிரி மலையில் நினைக்கிறோம். ஆனால் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும் காலையிலும் சில பிள்ளைகளின் உள்ளங்கையிலிருந்து நீர் சொட்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெயிலுக்கு வேர்ப்பதைவிடப் பதற்றத்துக்கு வேர்ப்பதே அதிகம். சுரப்பிகளுக்குப் போகும் நரம்பு அளவுக்கு மீறித் தூண்டுவதுதான் காரணம். உடம்புச் சூடும் இல்லை, பயந்த சுபாவமும் இல்லை. இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும், தூங்கினால் நின்றுவிடும், பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தொடங்கும். பரீட்சைத் தாளில் மை ஊறிப் பரவுவதும், ரேஷன் கடையில் விரல் ரேகை விழாமல் திரும்பி வருவதும் இதனால்தான். இதற்கு வைத்தியம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

முதல் மருந்து, அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 20 சதவீத லோஷன். வாங்கியவர்களில் பலர் நாலே நாளில் "எரியுது" என்று வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பூசும் முறைதான் தவறு. காலையில் குளித்த ஈரத்தோடு பூசினால் மருந்து நீரோடு சேர்ந்து அமிலமாகிறது, எரிச்சல் அதனால்தான். சுரப்பிகள் அடங்கியிருக்கும் இரவில், படுக்கப் போகும்போது பூச வேண்டும். மழைக்காலத்தில் இங்கே துணியே காய்வதில்லை, தோல் எப்படிக் காயும்? துடைத்தபின் மின்விசிறிக் காற்றிலோ, ஹேர் டிரையரின் சூடில்லாத காற்றிலோ நன்றாக உலர்த்திவிட்டு மெல்லியதாகப் பூசுங்கள். காலையில் கழுவிவிடுங்கள். வேர்வை குறையும்வரை தினமும், பிறகு வாரம் ஓரிரு முறை போதும். அக்குளில் சவரம் செய்தால் இரண்டு நாள் பூசவே கூடாது. அக்குளில் ஒரு வாரத்தில் பலன் தெரியும். உள்ளங்கையில் தோல் தடிமனாக இருப்பதால் சில வாரம் ஆகும், சிலருக்குப் போதாமலும் போகும்.

போதாதவர்களுக்கு அயன்டோபோரெசிஸ். இரண்டு தட்டில் உள்ளங்கை மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்துவார்கள். வாரம் மூன்று முறை. ஆறிலிருந்து பத்து முறைக்குள் கை காயத் தொடங்கும். பிறகு வாரம் ஒரு முறை தொடர்ந்தால் நிற்கும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். கொழுந்து பறிக்கிற விரல்களில் வெடிப்பு இருக்கும். அங்கே வாசலின் தடவாவிட்டால் சுருக்கென்று குத்தும். மின்சாரத்தைப் பூஜ்யத்துக்குக் குறைக்காமல் கையை வெளியே எடுக்கக் கூடாது. ஊற்று நீர், மழை நீர் போல உப்புச் சத்து குறைந்த நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. தட்டுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்தால் சரியாகும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சிகிச்சைக்குப் போகக் கூடாது.

உடம்பு முழுக்க வேர்வையைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும்தான். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். கண் அழுத்தமோ சிறுநீர் அடைப்போ உள்ளவர்களுக்கு ஆகாது. மலைக்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: இதைச் சாப்பிட்டுக்கொண்டு ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையம் இறங்கி அலைந்தால், உடம்பு வேர்த்துத் தணிய வழியில்லாமல் வெப்ப மயக்கம் வரும்.

நாள் முழுக்க கம்பூட்ஸில் நிற்பவர்களின் பாதம் ஊறி வெளுத்து, குதிகாலில் ஊசி குத்தினாற்போலக் குழிகள் விழுந்து நாறினால், அது பெரும்பாலும் பாக்டீரியா. நீங்களாகப் படர்தாமரைக் களிம்பை வாங்கித் தடவிக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டி ஆன்டிபயாடிக் களிம்பு வாங்குங்கள். மதியம் சாக்ஸ் மாற்றுங்கள். பூட்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். ஈர பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். அடுப்போரம் வைத்தால் ரப்பர் வெடிக்கும்.

சில வேர்வைகள் வேறு கதை. இரவில் உடை நனைய வேர்த்து, எடை குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று குளிர்ந்து வேர்த்து நடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நெஞ்சுவலியோடு வேர்த்தால் 108.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வாரம் மூன்று முறை கோவைக்கு இறங்கி ஏற எந்தத் தோட்டத் தொழிலாளியாலும் முடியாது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகளிலும் இந்தத் தண்ணீர்த் தட்டுச் சிகிச்சை கிடைக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் மருத்துவக் குழுவினர் பிள்ளைகளின் கண், பல்லைப் பார்ப்பதோடு உள்ளங்கையையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

— மருந்தாளுநர், கோத்தகிரி