மச்சான், அந்தப் பவர் சப்ளையையும் அனுப்பு

மச்சான்,

மருமகனுக்கு நீ அனுப்பிய கம்ப்யூட்டர் சாமான் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. நம் கூட்டாளி சுருட்டை கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்பு கோட்டையில் இரவு ரயிலைப் பிடித்து, விடிய விடிய அதை மடியில் வைத்தபடியே திருகோணமலைக்குக் கொண்டுவந்தான். அதற்கு அவன் கேட்கிற கூலியை நீ வரும்போது நீயே கொடு, அவனுக்கு அந்தப் பழைய ஜெனரேட்டர் கணக்கும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, போர்டு, பிராசசர், எதிலும் ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். உன் மனுசியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அனுப்பிய நீ, சுவர்க் கரண்டை மாற்றி எல்லாவற்றுக்கும் கொடுக்கிற பவர் சப்ளையை மட்டும் பாரம் என்று கனடாவிலேயே வைத்துவிட்டாய். "அங்க ஏதாவது ஒண்டை வாங்கிப் போடு" என்று மருமகனுக்கு வொய்ஸ் மெசேஜ் வேறு. அவன்தான் பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளையாயிற்றே, போய் ஏதாவது ஒன்றை வாங்கிவிட்டான். பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 வாட்ஸ். கையில் தூக்கினால் காற்று மாதிரி இருக்கிறது. பக்கத்து லேபலைத் திருப்பிப் பார்த்தேன், 12 வோல்ட் லைனுக்கு 32 அம்பியர் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெருக்கிப் பார், 384 வாட்ஸ். கார்டு இரண்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 3.3, 5 வோல்ட் லைன்களில் எத்தனை அம்பியர் எழுதினாலும் அதனால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு கார்டு மட்டுமே 250 வாட்ஸ். கம்ப்யூட்டர் ஓன் ஆனது, விண்டோஸ் வந்தது, அவன் சந்தோஷமாக எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு கார்டுக்கும் வேலை கொடுத்த அந்தக் கணத்திலேயே எல்லாம் செத்துவிட்டது. நல்ல காலம், வேறு எதையும் சேர்த்துக் கொண்டு போகவில்லை. கடைக்காரர் பெட்டி திறந்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டாராம். அந்தக் காசு அவன் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது மச்சான். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

நீ அனுப்பிய செய்தியில் "850 போதும், 1000 வீண்" என்று எழுதியிருந்தாய். கணக்குப் பார்ப்போம். உன் 1080 டிஐ கார்டு இரண்டுக்கும் 500. உன்னுடைய 8700கே பிராசசருக்கு அட்டையில் 95 என்று இருந்தாலும் முழு வேகத்தில் அது அதில் நிற்காது, 150 என்று வைத்துக்கொள். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் ஒரு 60. ஆக 700ஐத் தாண்டுகிறது. இது சராசரிதான், இந்தக் கார்டுகள் சில மில்லிசெக்கன்டுக்கு அதற்கும் மேலே குதிக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் குதிக்கிற நாளும் வரும். நல்ல 850 இதைத் தாங்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. விளையாடத்தான் என்றால் நானும் 850 என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இரண்டு கார்டு போட்டு விளையாடுகிற காலம் போய்விட்டது மச்சான். உன் நிலவறையில் விடியும்வரை விளையாடிவிட்டு என்னிடம் போனில் பெருமையடித்தது 2017. என்விடியா 2021 ஜனவரி 1 முதல் எஸ்எல்ஐக்கு, அதுதான் இரண்டு கார்டையும் ஒரே கேமுக்குச் சேர்த்து ஓட்டுகிற முறைக்கு, புதிய புரொஃபைல் போடுவதையே நிறுத்திவிட்டது. இப்போது வருகிற கேம்களில் அனேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு கார்டு வேலை செய்யும், மற்றது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இதை நான் அவனுக்குச் சொன்னபோது அவன் முகம் வாடும் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும் மாமா, நான் கேட்டது பிளெண்டருக்கு" என்றான்.

பிளெண்டர் 3டி படம் செய்கிற மென்பொருள், அதில் கார்டுகளை இணைக்கிற பிரிட்ஜ் கூடத் தேவையில்லை, இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். 11 ஜிபி, 11 ஜிபி என்று இரண்டு நினைவகமும் சேர்ந்து 22 ஆகாது, காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் அடங்க வேண்டும், அவ்வளவுதான். பிரச்சினை இங்கேதான் வருகிறது. கேமில் பாரம் ஏறி இறங்கும், மெனுவில் நின்றால் ஓய்வு, நீ தேத்தண்ணி குடிக்கப் போனால் ஓய்வு. காட்சியைப் படமாக்குகிற ரெண்டருக்கு ஓய்வே கிடையாது. இரவு போட்டால் காலை வரை இரண்டு கார்டும் முழுப் பாரத்தில் நிற்கும். அப்படி ஓடுகிற பெட்டிக்கு 850ஐ அதன் எல்லைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்ட எனக்கு மனமில்லை. அதுவும் நம் ஊரில், அக்கா வீட்டு மேல் அறையில். அந்தத் தகட்டுக் கூரை உனக்குத் தெரியும்தானே, கச்சான் காற்று தொடங்கினால் பகலில் அங்கே நிற்கவே முடியாது. சில கம்பனிகள் வாட்ஸ் கணக்கை 40 பாகை வெப்பத்தில் கொடுக்கின்றன, நல்லவை 50 பாகையில். அந்த வித்தியாசம் உங்கள் ஊர் ஆட்களுக்குப் பெரிதில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கிற கப்பாசிற்றர் 10 பாகை கூடுதல் சூட்டில் ஓடினால் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிறது. போதாததற்கு உப்புக்காற்று. என் பழைய மெஷினின் திருகாணிகள் துருப்பிடித்த வேகத்தை நீயே பார்த்தாய்.

அதனால்தான் கேட்கிறேன், கோல்ட் முத்திரை போட்ட உன்னுடைய அந்த 1000 வாட்ஸ் பவர் சப்ளையையே அனுப்பு. பழையது என்று நீ யோசிப்பாய். அந்தத் தரத்துக்கு 10 வருட உத்தரவாதம் கொடுத்த கம்பனிகள் உண்டு, உன்னுடையது ஸ்கார்பரோ நிலவறைக் குளிரில் இருந்து வேலை செய்தது. கோல்ட் என்றால் 230 வோல்ட்டில் பாதிப் பாரத்தில் 92 வீதம் திறன். கோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது, அது கரண்டை வீணாக்காது என்பதற்கான சான்று, ஷோர்ட் ஆனால் தன்னைத்தானே நிறுத்துமா, வோல்ட் எகிறினால் தடுக்குமா என்பதைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. உன்னுடையதை நான் நம்புவது, நீ அதை வாங்குவதற்கு முன் என்னைத் தூங்க விடாமல் அதன் ரிவ்யூ எல்லாவற்றையும் போனில் வாசித்துக் காட்டினாயே, அதனால்.

அனுப்ப முன் ஒன்றைப் பார். லேபலில் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் இருக்கும், என்றாலும் கண்ணால் பார்த்துச் சொல். பின்பக்கம் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று தள்ளுகிற சுவிட்ச் இருந்தால் உடனே சொல்லு. 115இல் விட்டு இங்கே 230இல் சொருகினால் வெடிச் சத்தம் கேட்டுத்தான் தெரியவரும். சுவரில் சொருகுகிற வயர் வேண்டாம், அதை இங்கே வாங்கலாம். ஆனால் பவர் சப்ளையிலிருந்து கழற்றுகிற வயர் ஒவ்வொன்றையும், ஒன்று கூட விடாமல், அதே பைக்குள் போடு. உன் வீட்டில் இன்னொரு கம்பனியின் வயர்களும் கிடக்கின்றன, எனக்குத் தெரியும். சொருகினால் அளவாகத்தான் இருக்கும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் எரிந்துவிடும். அப்புறம் கார்டு வயர். உன் கார்டு ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு 8 பின் ஓட்டை. ஒரே வயரின் நுனியில் இரண்டு தலை இருக்கிறதை வைத்து ஒரு கார்டை ஓட்ட எனக்கு விருப்பமில்லை, நாலுக்கும் நாலு தனி வயர் வேண்டும். தேடி எடு.

இப்போது வருகிற புதிய பவர் சப்ளைகளில் புதிய கார்டுகளுக்கான 16 பின் வயர் இருப்பதைத்தான் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை. சிலவற்றில் அதைக் கொடுத்துவிட்டு 8 பின்னைக் குறைத்துவிடுகிறார்கள், அது நமக்கு நட்டம். மாஸ்டர் வேறு ஒரு யோசனை சொன்னார், இரண்டு 500ஐ வாங்கி ஆளுக்கு ஒரு கார்டு கொடுக்கச் சொல்லி. எனக்குப் பிடிக்கவில்லை. கார்டு ஒன்று வயரால் மட்டும் குடிப்பதில்லை, போர்டில் இருக்கும் ஸ்லொட் வழியாகவும் 75 வாட்ஸ் வரை எடுக்கும். ஒரே கார்டுக்குள் இரண்டு பவர் சப்ளை கலந்து, ஒன்று மட்டும் நின்றுபோனால் மற்றது என்ன செய்யும் என்று நினைத்தாலே எனக்குச் சரிவரவில்லை. மாஸ்டரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன், கோபித்துக்கொண்டார், நீ ஒருக்கால் எடுத்துக் கதை.

கரண்ட் பற்றி உனக்கு நான் சொல்லவே தேவையில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம், பிறகு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுக்க அணைந்தது. இப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஐப்பசி இடிமழைக்கு ஒரு கணம் போய்ப் போய் வருகிறதே, அதுதான் மெஷினைக் கொல்கிறது. நல்ல பவர் சப்ளை சுவரில் கரண்ட் போன பிறகும் ஒரு 16, 17 மில்லிசெக்கன்டு தாக்குப் பிடிக்கும். அதற்குள் யூபிஎஸ் பற்றரிக்கு மாறிக்கொள்ள வேண்டும். கடையில் எல்லோரும் வாங்குகிற 650 விஏ யூபிஎஸ் 400 வாட்ஸ் கூடத் தராது, நம் பெட்டி சுவரிலிருந்து 780 அளவில் எடுக்கும், பிறகு எப்படி? பெரிய யூபிஎஸ் வாங்க இப்போது கையில் காசில்லை. அதுவரைக்கும் ரெண்டரை ஒவ்வொரு படமாகச் சேமிக்கும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன், இடி கேட்டால் பிளக்கையே பிடுங்கு என்றும் சொல்லியிருக்கிறேன்.

எர்த் விஷயத்தில்தான் அக்காவோடு சண்டை வந்தது. மேல் அறையில் பழைய இரண்டு பின் அடப்டர், எர்த் இல்லை. பெட்டியைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது என்றான். பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் கப்பாசிற்றர் எர்த் கிடைக்காதபோது பெட்டியின் தகட்டுக்குப் பாதி வோல்ட்டைக் கொடுத்துவிடும். நல்ல பவர் சப்ளையிலும் அது வரும். வயரிங் ஆளைக் கூட்டிப் போய் எர்த்தோடு 13 அம்பியர் சொக்கட் போட்டு, ட்ரிப் சுவிட்சையும் அமத்திப் பார்த்தோம். வேலை செய்கிறது. அக்கா லைட் பில்லைப் பற்றிக் கேட்டார், அது நியாயமான கேள்வி. 8 மணித்தியாலம் ஓடினால் ஆறு யூனிட்டுக்கு மேல். அதனால் கார்டுகளின் பவர் லிமிட்டை 70 வீதத்துக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு என் பழைய 550ஐக் கழற்றிக் கொடுத்து ஒரு கார்டை மட்டும் ஓட்டுகிறான். அப்படி இறக்கியும் நேரம் அவ்வளவாகக் கூடவில்லை, சூடு நன்றாகக் குறைந்திருக்கிறது.

உனக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அத்தான் போன பிறகு அவன் யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. கூட்டாளிமார் உப்புவெளிக்குக் குளிக்கக் கூப்பிட்டாலும் போக மாட்டான். அக்கா பயந்து போய்த்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் அவன் மெஷினைத் திறந்து எனக்குக் காட்டினான். கோணேசர் கோயில், 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்களே, அதற்கு முந்தின கோயில். மலையை அளந்து வைத்திருக்கிறான், கடலை வைத்திருக்கிறான். கோட்டை வாசலில் இருக்கும் அந்த இரட்டை மீன் கல்லைப் படம் எடுத்து, அது முன்பு எந்தச் சுவரில் இருந்திருக்கலாம் என்று யோசித்து ஒரு இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். நாம் எத்தனை தரம் அந்த வாசலால் சைக்கிளில் போயிருக்கிறோம், மான் பார்த்தோம், கச்சான் கொட்டை தின்றோம், அந்தக் கல்லை நின்று பார்த்தோமா? காலை வெளிச்சம் மலையில் ஏறுவதை ஒரு நிமிடப் படமாகச் செய்ய வேண்டுமாம். ஒரு கார்டில் மாதக்கணக்காகும். அதைச் சொல்லும்போது அவன் அரை மணித்தியாலம் விடாமல் கதைத்தான் மச்சான். நான் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை.

அதனால் அடுத்த மாதம் வருகிற உன் மச்சாளிடம் கொடுத்துவிடு. வயரோடு சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று கிலோ வரும், கைப்பையில் வேண்டாம், துவாய்க்குள் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வை. லேபலைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. சரிவராது என்று தெரிந்தால் நான் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நல்லதாக ஒன்று பார்க்கிறேன், பாதிக் காசு உன்னுடையது, அதில் பேச்சில்லை. பையனுக்கும் போன் எடு. பவர் சப்ளை பற்றி வேண்டாம், கோயிலைப் பற்றிக் கேள்.

உன்,
மச்சான்