கம்பியச்சும் தோட்டாக் கழுத்தும்

ஜெரால்டைன், நியூசிலாந்து
ஆடிப் பெருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நேரத்தில் இந்த வருஷமும் நான் ஊரில் இல்லை. இங்கே ஆடி என்றால் நடுக்குளிர்காலம். மேற்கே மலை முழுக்கப் பனி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தோட்டா வேலை என்று நான் வாய் விட்டதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். அம்மா போனை வாங்கி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி துப்பாக்கி?" என்று அழாத குறையாகக் கேட்டாள். போனில் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குப் படிக்கும்போதே புரிந்துவிடும், ஏனென்றால் இது பாதி நம் வெள்ளிப் பட்டறை வேலை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வயது 80 தாண்டிவிட்டது. இளவயதில் அரசாங்கச் சம்பளத்துக்கு மலையில் மான் சுட்டவர். மானைச் சுடச் சம்பளமா என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் ஆதியில் கிடையாது. மான், முயல் எல்லாம் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாததால் பெருகிக் காட்டையே மொட்டையடித்துவிட்டன. இமயமலைத் தார் என்று ஓர் ஆடு, பார்க்க நம் வரையாடு போலவே இருக்கும். 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். நம் ஊரில் வரையாடு மாநில விலங்கு, தொட்டால் ஜெயில். இங்கே அதே சாயலில் இருப்பதைக் கணக்கு வைத்துக் குறைக்கிறார்கள். முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மலைச்சரிவில் புல்லும் செடியும் கடித்துக் குதறிக் கிடந்ததை நேரில் பார்த்த பிறகுதான் ஒருவாறு விளங்கியது.

ஏற்காட்டுப் பெரியப்பா எஸ்டேட்டில் பன்றிக்காக வைத்திருந்த துப்பாக்கி நினைவிருக்கிறதா? தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார். இங்கேயும் கட்டுப்பாடு உண்டு. தாத்தாவுக்கு உதவப் போகிறேன் என்றால் முறையாக இருக்கட்டும் என்று நானும் லைசென்ஸ் எடுத்தேன். பாடம், பரீட்சை, வீட்டுக்கு ஆள் வந்து பெட்டியையும் பூட்டையும் பார்ப்பது எல்லாம் முடிந்துதான் கொடுத்தார்கள். முதல் தடவை என்பதால் 5 வருஷத்துக்கு. 2023-இலிருந்து ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றும் சட்டம் வந்திருக்கிறது. சுடுவதில் எனக்கு ஆசை இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது அளப்பது.

தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கனம் அளக்கும் மைக்ரோமீட்டரின் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டாவைக் கடையில் வாங்குகிறவர் அல்ல அவர். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்துவைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே மறுபடி தோட்டாவாகக் கட்டுவார். வெடிமருந்து நிறுப்பது இன்றும் அவர் மட்டும்தான். அதற்கு அச்சிட்ட புத்தகம் இருக்கிறது, அதில் போட்டிருக்கும் அளவைத் துளியும் மீற மாட்டார். கூட்டின் கழுத்தைச் சரிசெய்யும் வேலைதான் என்னிடம் வந்தது.

கூடு ஒரு சின்னப் பித்தளைப் புட்டி மாதிரி. அடிப்பாகம் கனம், மேலே தோள், அதற்கு மேல் கழுத்து. சுட்டதும் பறந்துபோகும் குண்டை அதுவரை பிடித்துக்கொள்வது கழுத்து. சுடும்போது கழுத்து விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரில் போய் ஒட்டும். வெளியே எடுத்தால் விரிந்தது விரிந்தபடி இருக்கும், புதுக் குண்டை வைத்தால் நிற்காது. அதனால் கழுத்தைத் திரும்ப இறுக்க வேண்டும். இறுக்கும் கருவிக்கு டை என்று பெயர்.

சாதாரண டையின் வேலையைப் பார்த்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. எந்தக் கம்பெனிக் கூடு வந்தாலும் குண்டு நிற்க வேண்டுமே என்று அது கழுத்தைத் தேவைக்கு மேலேயே நசுக்கிவிடும். பிறகு கூட்டை வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் ஓர் உருண்டை கழுத்தை மறுபடி விரிக்கும். நசுக்கி விரித்து, நசுக்கி விரித்து! கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்தால் என்ன ஆகும்? பித்தளையும் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்து, ஐந்தாறு தடவையில் கழுத்தில் கீறல் விழும். உருண்டை இழுக்கும் இழுப்பில் கழுத்து கோணிப்போவதும் உண்டு.

இதற்குத்தான் புஷ் வைத்த டை. டைக்குள் கழற்றி மாட்டும் சின்ன எஃகு வளையம்தான் புஷ், நம் லேத்துக்காரர்கள் சொல்லும் அதே புஷ். நடுவில் துளை. துளையின் அளவை மேலேயே பொறித்திருப்பார்கள். 335 என்று இருந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் 335 பங்கு. அடுத்தது 336, அதற்கடுத்து 337. ஒரு பங்கு என்பது தலைமுடிக் கனத்தில் மூன்றில் ஒன்று இருக்கும். ரெட்டிங், வில்சன் என்று அமெரிக்கக் கம்பெனிகள் செய்கின்றன. இந்த வளையங்களைத் தாத்தா மேசையில் வரிசையாக அடுக்கியபோது நான் பார்த்தது உங்கள் கம்பியச்சைத்தான் அப்பா. கம்பியை இழுத்து மெலிதாக்க, ஒரே இரும்புத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் துளைகள். இங்கே ஒவ்வொரு துளையும் தனித்தனி வளையமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் புஷ்ஷை வாங்குவது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். தாத்தாவின் துப்பாக்கி ரகத்துக்கு 308 என்று பெயர். அதற்காகக் கடையில் போய் "308 துப்பாக்கிக்கு ஒரு புஷ்" என்று கேட்க முடியாது. துப்பாக்கி ஒன்றே ஆனாலும் கூட்டின் கழுத்துக் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்கு இப்படி: அதே கூட்டில் குண்டு வைத்துக் கட்டி முடித்த தோட்டாவை எடுத்து, கழுத்தின் வெளிப்புறத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெர்னியர் போதாது. ஒரு தோட்டா அளந்தால் போதாது, பத்தாவது அளக்க வேண்டும், கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று இடத்தில். வந்த அளவில் இரண்டு பங்கு கழித்தால் அதுதான் புஷ். பித்தளை நசுங்கி வெளியே வந்ததும் ஏறக்குறைய ஒரு பங்கு திரும்ப விரியும். மீதிப் பிடிப்பில் குண்டு நிற்கும்.

தாத்தாவிடம் இரண்டு மூட்டை கூடுகள் இருந்தன. புது மூட்டையில் கட்டிய தோட்டா 337 காட்டியது. 335 புஷ்ஷைப் போட்டு நாற்பது கூடு முடித்துவிட்டேன். மறுநாள் குண்டு வைக்கும்போது ஒன்று விரலை எடுத்ததும் பொத்தென்று கூட்டுக்குள் இறங்கிவிட்டது. அடுத்ததும் அப்படியே. கை கால் ஓடவில்லை எனக்கு. பழைய மூட்டைக் கூடுகள் கலந்துவிட்டிருந்தன. அவற்றின் கழுத்து மெலிசு, கட்டினால் 333-தான் வரும். அதற்கு 335 துளை இறுக்கவே இறுக்காது. செவ்வாய்ப்பேட்டையில் சுத்தம் வேறான 92 டச் வெள்ளியையும் 80 டச் வெள்ளியையும் ஒரே தட்டில் கலந்துவைத்த பையனை நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டின் அடியிலும் இருக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் பிரிக்கிறேன். யாராவது புதிதாக இந்த வேலைக்கு வந்தால், கணக்கில் வந்த புஷ், அதற்கு ஒரு பங்கு மேல், ஒரு பங்கு கீழ் என மூன்று வாங்கச் சொல்வேன். பொன் நிறப் பூச்சுப் போட்டதும் விற்கிறார்கள், பார்க்க அழகு. கழுத்தில் துளி மசகு தடவினால் வெறும் எஃகே போதும்.

இதிலும் ஒரு நுணுக்கம். சுட்ட கூட்டின் கழுத்து 343 இருக்கிறது. மெலிசுக் கூட்டை 331-க்கு இறக்க வேண்டும். பன்னிரண்டு பங்கு ஒரே மூச்சில்! ஒரு கூட்டை அப்படி இறக்கிப் பார்த்தேன். புஷ் காட்டும் அளவையும் தாண்டி நசுங்கிவிட்டது, கழுத்தும் லேசாகக் கோணிவிட்டது. நீங்கள் எனக்கு முதலில் கற்றுக் கொடுத்ததே அதுதானே, நடுவில் ஒரு துளையை விட்டுத் தாண்டி இழுக்காதே, கம்பி அறுந்துவிடும் என்று. அதனால் முதலில் 337, பிறகு 331 என்று இரண்டு படியாக இறக்கினேன். சுழற்றிப் பார்த்தால் ஆட்டமே இல்லை. தாத்தா அந்தக் கூட்டைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். என் அப்பா என்றேன்.

புஷ் இல்லாத இன்னொரு வகையும் உண்டு. லீ கம்பெனியின் டையில் கழுத்துக்குள் ஒரு கம்பி நிற்கும், வெளியிலிருந்து விரல்கள் மாதிரி நான்கு பக்கமும் பிடித்து அந்தக் கம்பியோடு அழுத்தும். மசகு வேண்டாம், கழுத்தும் அதிகம் அடிபடாது. அளப்பதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது, விலையும் குறைவு. எனக்கு மனம் புஷ்ஷில்தான். பிடிப்பை ஒரு பங்கு கூட்டவும் குறைக்கவும் அதில்தான் முடிகிறது.

ஜூன் மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தை மட்டும் இறுக்கினால் பித்தளைக்கு வேலை குறைவு, உடம்பைத் தொட வேண்டாம் என்று கூடுகளை நாலைந்து தடவை அப்படியே திருப்பிக் கட்டியிருந்தோம். மலைக்கு நாங்கள் இருவரும் தாத்தாவுமாக மூவரும் போனோம். நான்கு மணி நேரம் ஏறி, பாறை மறைவில் தாத்தா படுத்து, எதிர்ச் சரிவில் பிடரி மயிர் காற்றில் பறக்க ஒரு கிடாத் தார் நிற்கிறது. தோட்டாவைப் போட்டு, அறையை மூடும் போல்ட்டை இறக்கினார். இறங்கவில்லை. கூட்டின் உடம்பும் தோளும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து அறையில் முட்டிக்கொண்டது. தார் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏறிப் போய்விட்டது. வீட்டிலேயே ஒவ்வொரு தோட்டாவையும் அளவுகோலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டியது என் வேலை. இறங்கும் வழி முழுக்க எனக்குப் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு உடம்பையும் சேர்த்து இறுக்கும் டையில் புஷ்ஷைப் போடுகிறோம், தோளை இரண்டு பங்கு மட்டும் பின்னே தள்ளுகிறோம். குறி பார்க்கும் மைதானத்துக்குக் கழுத்து மட்டும் போதும். மலைக்குப் போகிற தோட்டா தடங்கலில்லாமல் உள்ளே போயாக வேண்டும்.

கழுத்து இறுகிப்போனால் நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும், வெள்ளிக்கு நீங்கள் செய்வது போல. ஆனால் கழுத்தும் தோளும் மட்டும். அடிப்பாகத்தில் சூடு ஏறி இளகிவிட்டால் சுடும்போது தாங்காது, சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. தாத்தா சொன்ன ஒரு பழைய கதை: வெள்ளைக்காரர் காலத்தில் நம் நாட்டில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களின் கழுத்து தானாகவே வெடித்துப் பிளந்ததாம். இறுக்கம் தளராத பித்தளையில் லாயத்து மூத்திர நெடியின் அம்மோனியா ஏறியதுதான் காரணம் என்று 1921-இல் கண்டுபிடித்து எழுதினார்களாம். அதனால் அம்மோனியா கலந்த பாலிஷ் கொட்டகைக்குள் வரக்கூடாது. அம்மாவிடம் சொல்லுங்கள், நான் புளி போட்டுத் தேய்த்தேன். அவள் குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்கிறது.

இப்போது எனக்கு உங்களிடம் ஒன்று தெரிய வேண்டும். காய்ச்சும்போது கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு நெருப்பில் கூட்டைச் சுற்றுகிறேன். வெளிச்சமாகச் சிவந்தால் மிஞ்சிவிட்டது என்று தாத்தா சொல்கிறார், அவருக்கு அந்த நிறம் இப்போது சரியாகத் தெரிவதில்லை. நீங்கள் ஊதுகுழலைப் பிடித்துக்கொண்டே "இப்ப எடு" என்பீர்களே, அந்த நொடிக்கு முந்தைய நிறம் எது? வெள்ளியில் எத்தனை துளை இழுத்த பிறகு காய்ச்சுவீர்கள்? இரண்டையும் எழுதுங்கள். அப்படியே பரண் மேல் இருக்கும் சின்னக் கம்பியச்சை, உங்களுக்கு வேலை இல்லையென்றால், தை மாதம் அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புங்கள். தாத்தாவுக்குக் காட்ட வேண்டும்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் அன்பு மகள்