பெரியவன் ஐ.டி.ஐ. போகட்டும், அக்கா

அன்புள்ள அக்கா,

உன் மூத்த பிள்ளை பெரியவன், நீ சொன்ன இன்ஜினியரிங் வேண்டாம், ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) வெல்டர் டிரேடு சேரப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகப் பேசுவதில்லை என்று மாமா சொன்னார். போனில் ஆரம்பித்தால் நாம் இருவரும் கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

உன் பயம் நியாயமானது. நம் அப்பா காலம் முழுக்க இரும்படித்தவர். அந்த வேலையை அவர் தேடிப் போகவில்லை. பிறந்த வீடு அவரை அதில் உட்கார வைத்தது. நீ பி.காம். முடித்து வேலைக்குப் போனபிறகுதான் நம் வீட்டு நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தன. ஆகவே, ‘காலேஜ் எல்லாம் வீண், கைத்தொழில்தான் சோறு போடும்’ என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்குத்தான் அனுப்புகிறார்கள்.

ஆனால் நீ படித்தபோது நம் தெருவில் பட்டதாரி என்றால் நீ ஒருத்திதான். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28 சதவீதம்தான். எனக்கு இதில் பெருமைதான். ஆனால் இத்தனை பேர் பட்டம் வைத்திருக்கும்போது எந்தக் கல்லூரி, என்ன தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கையைப் பார். 2022-ல் இந்தியாவில் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவன் சுகமாக இருக்கிறான் என்று இதற்கு அர்த்தமில்லை. காத்திருக்க வசதியில்லாததால் அவன் கிடைத்த வேலையைச் செய்கிறான். பட்டம் வாங்கினால் வேலை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

பெரியவனுடைய இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு நூறு சொச்சம். கவுன்சலிங்கில் கடைசிச் சுற்றில்தான் அவன் பெயர் வரும். தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது; நீ பட்டதாரி என்பதால் முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. கட்டணம், பஸ், சாப்பாடு என்று நான்கு வருடத்துக்குக் கடன் வாங்க வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை கட்டச் சொல்வார்கள். கணக்குப் பாடமே ஆகாத பிள்ளை அரியரோடு திண்டாடுவான். அப்படி முடித்து வருகிற பிள்ளைகளை எங்கள் ஷாப்பில் பார்க்கிறேன். இயந்திர பாகங்களைப் பொருத்தும் நல்ல ஃபிட்டர் வாங்குவதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, வெர்னியர் அளவுகோல் பார்க்க அந்த ஃபிட்டரிடமே கற்றுக்கொள்கிறார்கள்.

திருச்சி பக்கம் எங்கள் துவாக்குடியில் பாய்லர் குழாய் வெல்டர்களை எச்.பி. (உயர் அழுத்த) வெல்டர் என்போம். அவர்களுக்கு வைக்கும் 6ஜி டெஸ்ட்டை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். குழாயை 45 டிகிரி சாய்வில் இறுக்கிவிடுவார்கள், திருப்ப முடியாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து, குனிந்து, அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தபடி பற்றவைக்க வேண்டும். முதலில் டிக் (டங்ஸ்டன் முனை) வெல்டிங்கில் ரூட், அதாவது அடி அடுக்கு, போடுவார். உள்பக்கம் உருகி ஒரே சீராக இறங்க வேண்டும். கை ஒரு கணம் தயங்கினால் ஓட்டை விழும், அல்லது உருகாமல் நிற்கும். அப்புறம் எக்ஸ்-ரே எடுப்பார்கள். ஃபிலிமில் கடுகளவு புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தாலும் ஃபெயில். இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தேர்ச்சி பெறாதவர் பாய்லர் குழாயைத் தொட முடியாது. இதைப் படிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். புகை நுரையீரலுக்குக் கெடுதல். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ராத்திரியெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல உறுத்தும். திருச்சி பெல் (BHEL) பாய்லர் ஆலையின் ஆர்டர் குறைந்தபோது இங்கே பல யூனிட்கள் படுத்துவிட்டன. கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஏமாற்றும் ஏஜென்ட்களும் உண்டு. சர்டிஃபிகேட் இல்லாமல் வேலை மட்டும் தெரிந்தவன் இதிலெல்லாம் முதலில் அடிபடுவான். அதனால்தான் ஏதோ ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்க்காமல் அரசு ஐ.டி.ஐ.யில் சேர் என்கிறேன். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, சி.என்.சி. (கணினி இயக்கும் இயந்திரம்) எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

டிரேடு விஷயத்தில் மட்டும் அவனோடு எனக்குக் கருத்து வேறுபாடு. வெல்டர் ஒரு வருடம்தான். ஃபிட்டர் இரண்டு வருடம். டிராயிங் படிக்கவும் அளவெடுக்கவும் நன்றாக வந்துவிடும். வெல்டிங்கை அதன் மேல் கற்றுக்கொள்ளலாம். முடித்ததும் அப்ரன்டிஸ் போகலாம், ரயில்வேக்கு எழுதலாம். ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அதை முடித்து பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. பட்டத்துக்கான கதவை யாரும் அடைத்துவிடவில்லை, அக்கா.

‘யார் பொண்ணு தருவா?’ என்று அம்மாவிடம் கேட்டாயாமே. வெல்டர் என்றால் முகம் சுளிக்கிற வீடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அந்த வீடுகளுக்காகப் பிள்ளை பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் உட்கார வேண்டுமா? அவனே ஒரு வேலையைச் சொல்லி, அதைக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான். அப்பாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வை. அடுத்த வாரம் லீவு போட்டு வருகிறேன். ஐ.டி.ஐ.க்கு நீயும் எங்களோடு வா. ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார், இன்ஸ்ட்ரக்டரிடம் நீயே கேள்வி கேள். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி