ஜி5 குதிரையைப் பற்றிக் கயலுக்கு

பாலக்கோடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

செஸ் தளத்திலிருந்து நீ எடுத்து அனுப்பிய அட்டவணையை, எந்த ரேட்டிங்கில் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வெள்ளை எத்தனை சதவீதம் ஜெயிக்கிறது என்பதை, நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். "நான் இருக்கிற 1200 மட்டத்துல குதிரைய ஜி5-க்கு விட்டா வெள்ளை நல்லா ஜெயிக்குதும்மா. மேல போகப் போகக் குறையுது. இப்பவே விட்டுட்டு வேற ஓப்பனிங் படிக்கட்டுமா, இல்ல ஜெயிக்கிற வரைக்கும் ஆடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். இது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை பாப்பா. போர்டில் காயை அடுக்கி வைத்துக்கொண்டு இதைப் படி. மொபைல் திரை வேண்டாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தை விடாதே. ஆனால் அந்தச் சதவீதத்தை நம்பி ஆடாதே.

(எழுத்து போர்டின் நெடுவரிசை, எண் கிடைவரிசை. காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய்.) இ4, இ5. குதிரை எஃப்3, கருப்புக் குதிரை சி6. மந்திரி சி4, கருப்பின் இன்னொரு குதிரை எஃப்6. இதுவரை ரெண்டு பேரும் ஒழுங்காகக் காய்களை வெளியே கொண்டுவருகிறார்கள். நான்காவதாக வெள்ளை தன் எஃப்3 குதிரையை ஜி5-க்கு விடுகிறது. எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. அதன் மேல் இப்போது மந்திரியும் குதிரையும் சேர்ந்து கண் வைத்திருக்கின்றன.

நம் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த சமயத்தில் வர ஆரம்பித்தவர்கள் சிலர் இன்னும் வருகிறார்கள். உன் அட்டவணை சொல்லும் கதை முழுவதையும் அந்த ஒரு மேசையிலேயே பார்த்துவிடலாம்.

புதிதாக வரும் குழந்தை ஜி5 குதிரையைப் பார்த்து பயப்படுவதே இல்லை. அது பாட்டுக்கு எச்6 என்று சிப்பாயைத் தள்ளும். குதிரை எஃப்7-ஐ வெட்டி உட்கார்ந்ததும் ராணி, யானை ரெண்டும் ஒரே நேரத்தில் மாட்டும். அதோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான். இந்த மட்டத்தில் வெள்ளைக்குக் கிடைக்கும் வெற்றியில் ஓப்பனிங்கின் பங்கு சொற்பம். எதிராளி மிரட்டலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ராணியை வைத்து நாலு நகர்த்தலில் மேட் செய்யப் போயிருந்தாலும் பாதிப் பேரிடம் ஜெயித்திருக்கும்.

கொஞ்சம் பழகிய பிள்ளை டி5 என்று சிப்பாயை முன்னால் வைத்து மந்திரியின் வழியை மறிக்கும். சரியான பதில். வெள்ளை அதை வெட்டும். உன் 1200 மட்டம் முழுக்க நிற்கிற இடம் இதுதான். ஒரு சிப்பாய் போய்விட்டது, எஃப்6 குதிரையால் அதைத் திருப்பி வெட்ட முடியும். கை தானாகவே அங்கே போகும். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-ல் தன்னையே கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும். ராணி எஃப்3-க்கு வந்து செக் வைக்கும். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, அதாவது போர்டின் நடுத்தெருவுக்கே வர வேண்டியிருக்கும். அடுத்து வெள்ளையின் இன்னொரு குதிரை சி3-க்கு வரும். டி5 குதிரையால் அசைய முடியாது, ஏனென்றால் அதன் பின்னால் மந்திரியின் நேர்க்கோட்டில் ராஜா நிற்கிறது. 'ஃப்ரைடு லிவர்' என்பது இதுதான். இத்தாலிக்காரர்கள் நானூறு வருஷத்துக்கு முன்பே இதை ஆடியிருக்கிறார்கள். போலேரியோவின் ஆட்டம் ஒன்று இன்றும் பாடமாக இருக்கிறது.

ஒன்றைக் கவனி. இங்கே வெள்ளை ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் நிலைமை வெள்ளைக்குச் சாதகம்தான், ஆனால் மேட் கையில் வந்துவிடவில்லை. கருப்பு சரியாக ஆடினால் பிழைத்துப் போக ஒரு குறுகலான வழி இருக்கிறது. அந்த வழியை மூன்று நிமிட ஆட்டத்தில் 1200 ரேட்டிங்காரர் கண்டுபிடிப்பது கஷ்டம். உன் அட்டவணையில் தெரியும் பெரிய எண்ணுக்கு அந்தக் கஷ்டமும் ஒரு காரணம். குதிரையைக் கொடுக்காமல் டி4 என்று சிப்பாயைத் தள்ளுவது இன்னும் வலுவானது என்று பல மாஸ்டர்கள் நினைக்கிறார்கள். அதையும் வைத்துப் பார்.

அடுத்த படியில் இருக்கும் பிள்ளை அந்தச் சிப்பாயைத் திருப்பி வெட்டாது. சி6-ல் நிற்கும் குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்கும். இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கடினமாக இருந்தது. ஏன் தெரியுமா? 'ஓரத்தில் நிற்கும் குதிரை உதவாது' என்று நான்தான் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஜெர்மன் செஸ் மாஸ்டர் டாக்டர் டாரஷின் பெயரில் வழங்கி வரும் பழைய விதி அது. ஜி5-க்குக் குதிரை விடுவதைக் கற்றுக்குட்டி ஆட்டம் என்று ஒதுக்கியவரும் அவரேதான். அந்தக் கற்றுக்குட்டி ஆட்டத்துக்குச் சரியான மறுமொழி அவர் விதியை மீறி ஓரத்துக்குப் போகும் குதிரை! மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். "ஓரத்துக்குப் போனா என்ன மேடம், மந்திரி ஓடித்தானே ஆகணும்?" என்றாள். அந்த நிலைக்கு அவள் சொன்னதே போதுமான விளக்கம்.

ஓடத்தான் வேண்டும். மந்திரி பி5-க்குப் போய் ஒரு செக் வைக்கும். கருப்பு சி6 சிப்பாயால் மறிக்கும். வெள்ளை வெட்டும், கருப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்டும். மந்திரி மறுபடி ஓட வேண்டும். எச்6 வந்தால் குதிரையும் ஓட வேண்டும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம்தான். ஆனால் அதன் ராணிப் பக்கக் காய் ஒன்றுகூட இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. கருப்போ ஒவ்வொரு நகர்த்தலிலும் எதையாவது துரத்திக்கொண்டே தன் காய்களை வெளியே கொண்டுவருகிறது. பொறிக்காக மட்டும் இந்த ஆட்டத்தைப் படித்தவர் இங்கே வந்ததும் திகைத்துவிடுகிறார். அவர் பார்த்த வீடியோ இதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். அட்டவணையில் நீ பார்த்த சரிவு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

இதற்கும் மேலே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ், ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரினோடு 1890-91-ல் தந்தி வழியாக ரெண்டு ஆட்டம் ஆடினார். இவர் நியூயார்க்கில், அவர் பீட்டர்ஸ்பர்க்கில். அதில் ஒன்று இந்த ஆட்டம். எச்6 வந்ததும் ஸ்டைனிட்ஸ் குதிரையை எஃப்3-க்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை, எச்3-ல் வைத்தார். பார், இவருடைய குதிரையும் ஓரத்துக்கே போகிறது. தோற்றார். ரெண்டு ஆட்டத்திலும் தோற்றார். அந்த எச்3 நகர்த்தல் ரொம்ப காலம் சீந்துவார் இல்லாமல் கிடந்தது. 1963-ல் பின்னாளில் உலக சாம்பியனான அமெரிக்கர் ஃபிஷர் அதையே எடுத்து, இன்னொரு அமெரிக்க கிராண்ட்மாஸ்டரான பிஸ்கியர் மீது ஆடினார். பிஸ்கியர் மந்திரியைக் கொடுத்து அந்தக் குதிரையை வெட்டினார். ஃபிஷருக்கு ராஜா முன்னால் சிப்பாய் வரிசை கலைந்தது, பதிலுக்கு ரெண்டு மந்திரிகளும் அவர் கையில் தங்கின. ஜெயித்தார். இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் மந்திரியை டி3-க்கு இழுத்து, தன் டி சிப்பாயின் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்கள். விகாரமாகத் தெரியும். ஆனால் ஜி5 குதிரைக்கு இ4-ல் இடம் கிடைக்கிறது. ஆகவே '2000-க்கு மேல் இது செல்லாது' என்று உன் நண்பர் சொன்னது சரியில்லை. பொறி மட்டும்தான் செல்லாது. ஆட்டம் செல்லும், ஒரு சிப்பாய்க்கும் தாக்கும் முனைப்புக்கும் நடக்கிற நேர்மையான பேரமாக.

இனி சதவீதத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள் நான். ஒரு மருந்து நூறில் எழுபது பேருக்குக் கேட்டது என்றால், அவர்கள் எந்த நூறு பேர் என்றுதான் முதலில் கேட்பேன். இங்கேயும் அப்படித்தான். 1200 மட்டத்தில் கிடைக்கும் எண், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஏ5 தெரியாது என்பதைச் சொல்கிறது. ஜி5 நல்ல நகர்த்தலா என்பதைச் சொல்வதில்லை.

வெள்ளையை ஐம்பதோடு ஒப்பிடவும் கூடாது. முதலில் ஆடுகிற பக்கம் என்பதாலேயே, டிராவை அரைப் புள்ளியாகக் கணக்கிட்டால், மாஸ்டர்கள் ஆட்டங்களில் வெள்ளை நூறுக்கு 54, 55 எடுக்கிறது. உன் அட்டவணையில் 56 என்று இருந்தால் அந்த ஓப்பனிங் உனக்குக் கொடுத்தது ஒன்றோ ரெண்டோதான்.

ரேட்டிங்குக்காகப் பேராசிரியர் ஈலோ வகுத்த கணக்கைப் பார். 1970-ல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்டது அது. உன்னைவிட 200 புள்ளி குறைந்தவரோடு ஆடினால் நூறுக்கு 76 எதிர்பார்க்கலாம். 400 குறைந்தவர் என்றால் 91. சமமானவரிடம் எடுக்கிற 50-ஐ 55 ஆக்க 35 புள்ளி வித்தியாசம் போதும். ஓப்பனிங்கை மாற்றி மாற்றி நீ தேடிக்கொண்டிருப்பது அந்த 35-ஐத்தான். எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் 'இது எதைத் தாக்குகிறது' என்று கேட்டுப் பழகினாலே அதைப்போல் பல மடங்கு கிடைக்கும். நூலகத்துப் பிள்ளைகளிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். (உன் தளத்து 1200-ஐ ஃபிடே எண்ணோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. ஃபிடேயில் 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது.)

இன்னொரு விஷயம் அட்டவணையில் எழுதியிருக்காது. பொறியை வைத்தே ஜெயித்து 1200-க்கு வந்தவருடைய ரேட்டிங்கில் அந்தப் பொறியும் கலந்திருக்கிறது. ஃப்ரைடு லிவர் கிடைக்காத நாளில் அவர் 1200 அல்ல, அதற்கும் கீழே. நூலகத்துக்கு வரும் ஒரு பையன் வெள்ளையில் சிங்கம். கருப்பைக் கொடுத்தால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் தோற்கிறான். உன்னுடைய ஆட்டங்களையும் அப்படிப் பிரித்துப் பார். பொறி விழுந்த ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு மீதியில் எத்தனை ஜெயித்தாய் என்று எண்ணு. ஆனால் 25 ஆட்டங்களில் 60 சதவீதம் வந்தது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், 40 வந்தது என்று ஓப்பனிங்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ போவது சகஜம்.

நீ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூன்று நிமிட ஆட்டமாக ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். வேலை முடிந்து களைத்து வந்து ஆடுகிறாய், அது புரிகிறது. ஆனால் அந்த வேகத்தில் பொறி மட்டும்தான் வேலை செய்யும், அதனால் பொறி மட்டும்தான் உனக்குப் பழகும். வாரத்தில் ரெண்டு ஆட்டமாவது பதினைந்து நிமிடம் வைத்து ஆடு. ஜி5-ஐ ஆடு, எதிராளி ஏ5 போனால் அதை நல்ல காலம் என்று நினைத்துக்கொள். அங்கேயிருந்துதான் உனக்கு ஆட்டம் ஆரம்பிக்கிறது. கூடவே நாலாவது நகர்த்தலில் குதிரையை விடாமல் டி3 என்று அமைதியாக ஆடுவதையும் பழகு. இன்று உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் விரும்புவது அதைத்தான். சலிப்பாக இருக்கும், முதல் சில வாரம் எண்ணும் இறங்கும். இறங்கட்டும்.

எல்லாவற்றையும்விட, கருப்பை எடுத்து இதையே எதிர்த்து ஆடு. ஏ5-க்குக் குதிரையை வைத்த பிறகு வெள்ளை படும் பாட்டை அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் இருப்பேன், நீ கருப்பு எடு. நான் ஜி5 வருவேன், நீ ஏ5 போ. மந்திரியைக் கடைசியில் டி3-ல்தான் வைக்கப் போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு என்ன ஆடுவாய் என்று யோசித்து வை, கம்ப்யூட்டரைக் கேட்காமல். மாங்காய் ஊறுகாய் பார்சலை வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன். வந்து சேர்ந்ததும் சொல்.

அன்புடன்,
அம்மா