பாப்பா, செங்கல்லை முதலில் தண்ணீரில் போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கத் தொண்டராகக் கம்போடியாவுக்குப் போகிறேன் என்று நீ சொன்னதற்கு, போன ஞாயிறு உன் அப்பா போட்ட கணக்கை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விமான டிக்கெட், தங்கும் செலவு, வீட்டுக்கான நன்கொடை எல்லாம் சேர்த்து நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கம். அந்தக் காசில் கம்போடியாவில் எத்தனை கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்று மச்சான் விரல்விட்டு எண்ணினார். நீ தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாய். போகும்போது, "மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாய். நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் உன்னைப்போல் இன்னும் நாலு பிள்ளைகள் இதையே கேட்டுக்கொண்டு வந்ததால், எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உன் அப்பா கணக்கு சரி.

2012இல் நானும் இதே மாதிரி வீடு கட்ட, கம்போடியாவில் பத்தம்பாங் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். நாங்கள் 12 பேர். வேலை 5 நாள். அடித்தளத்தை எல்லாம் அவர்கள் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். எங்களுக்கு விட்டுவைத்தது சுவர் மட்டும். அந்தச் சுவரை ஊர்க் கொத்தனார் ரெண்டு பேரும் ரெண்டு சித்தாளும் எங்களைவிடச் சீக்கிரம் எழுப்பியிருப்பார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற தொல்லையும் அவர்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். நான் காலையில் வேக வேகமாக 3 வரிசை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. கொத்தனார் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆள். கரணையின் கைப்பிடியால் ஒரு கல்லைத் தட்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார். அடுத்த கல்லைத் தட்டினார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் 3 வரிசையையும் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எடுத்தார். கல்லில் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டித் தட்டில் போட்டார், கல்லைப் பக்கத்து வாளியில் முக்கினார். முகத்தில் கோபமே இல்லை. பிள்ளைக்குச் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுவிடுகிற மாதிரி செய்தார். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், சிமெண்டு பிடிக்காமல் உதிரும். அதனால் கல்லை முதலில் நனைக்க வேண்டும். இது தெரியாமல்தான் மலேசியாவிலிருந்து வீடு கட்ட நான் விமானம் ஏறியிருக்கிறேன்! அதற்குப் பிறகு 2 நாள் எனக்கு வாளி வேலைதான். கல்லை முக்கு, எடு, கொடு. மூன்றாம் நாள்தான் கரணை கைக்கு வந்தது.

அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும் என்று உன் அப்பா கேட்பார். அவரிடம் சொல்: என் கை அங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது, நான் கட்டுகிற நன்கொடைதான் சிமெண்டும் தகரமும் ஆகிறது. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி மாதிரி 1976இல் ஆரம்பித்துப் பல நாடுகளில் வீடு கட்டுகிறவர்களும் இதே வழியில்தான் ஆட்களை அனுப்புகிறார்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர்கூட 1984இலிருந்து அவர்களோடு சுத்தியல் பிடித்தவர். அவர் போனதால் எத்தனை பேர் பையைத் திறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார். அந்த முறையில் எனக்குப் பிடித்தது, வீடு வாங்குகிற குடும்பமும் கூட நின்று வேலை செய்ய வேண்டும் என்கிற விதி. நான் போனது வேறொரு சின்னக் குழு. அங்கேயும் அந்த வழக்கம் இருந்தது.

அந்த வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும். எழுபதை நெருங்கிய கிழவி. பேத்தியோடு சேர்ந்து மணல் சலிப்பார். கம்போடியாவின் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போ, அப்போதுதான் அந்தக் கிழவியின் முகம் உனக்குப் புரியும். 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை ஆட்சியைப் பிடித்ததும் நகரத்து ஜனங்களை வயல்காட்டுக்குத் துரத்தினார்கள். சொந்த நிலம், சொந்த வீடு என்ற பேச்சே கிடையாது. நிலப் பதிவேடுகளும் அழிந்துபோயின. 1979இல் அந்த ஆட்சி விழுந்தது, ஆனால் சொந்தச் சொத்து சட்டப்படி திரும்பி வர 1989 ஆனது. பாட்டிக்கு வாலிபம் அதிலேயே போய்விட்டது. ஊரை அவர்கள் 'பூம்' என்கிறார்கள். நம்முடைய பூமிதான் அங்கே போய் அப்படிச் சுருங்கியிருக்கிறது. பூமி என்ற சொல் இருந்தது, கையில்தான் ஒரு துண்டு இல்லை.

நாலாம் நாள். சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. பாட்டி உள்ளே போய் நின்று, அடுப்பு வரப்போகிற இடத்திலிருந்து வெளியே பார்த்தார். திரும்பி வந்து, கொத்தனாரிடம் கையை நீட்டி ஏதோ சொன்னார். வாசலை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி வை என்றாராம். காலை முழுக்க நாங்கள் வைத்த கல்! எங்களுடன் வந்த ஒருத்தர் முணுமுணுத்தார். கொத்தனார் மறுபேச்சு பேசவில்லை. நூலை அவிழ்த்தார், கல்லைப் பெயர்த்தார், முழத்தை அளந்து மறுபடி நூல் கட்டினார். நான் வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு உன் பாட்டி, அதாவது என் அம்மாவின் ஞாபகம்.

நீ தாமானில், சொந்த வீடுகள் இருக்கிற குடியிருப்பில் பிறந்தவள். லயத்து வீட்டை, அதாவது ரப்பர்த் தோட்டத்துக் கம்பெனி வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீட்டை, நீ பார்த்ததெல்லாம் படத்தில்தான். உன் பாட்டி 31 வருஷம் அதில் இருந்தார். விடியுமுன்னே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), ரப்பர் மரத்தில் பால்வெட்டு, திரும்பி வந்து அடுப்பு. மசாலா டின்களை வைக்க ஒரு பலகை வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஆணி அடிக்காதே என்று யாரும் சொன்னதில்லை. என் அப்பாவுக்குத்தான் பயம்: "கம்பெனி சுவரு. நாளைக்குக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கேட்டா என்ன சொல்றது?" அம்மா ஒரு ரத்தான் கூடையைக் கயிறு கட்டி விட்டத்தில் தொங்கவிட்டார். 31 வருஷமும் அந்தக் கூடைதான். வேலை இருக்கிறவரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் எத்தனை பேர் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தார்கள் என்று என் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். நம்ம ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியது அந்தப் பயத்தில்தான். எங்கள் தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியபோது எங்களுக்கும் அதுவே நடந்தது. "வீட்டைக் கட்டிப்பார்" என்று பழமொழி சொன்னவருக்குச் சொந்த மனை இருந்திருக்க வேண்டும்.

அதனால் நீ போ. மச்சானிடம் நான் பேசுகிறேன்.

போகிறவளுக்குச் சில சில்லறை விஷயங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள், அங்கே துருப்பிடித்த ஆணிக்குக் குறைவில்லை. கையுறை ரெண்டு ஜோடி, சிமெண்டு பட்ட கை ராத்திரி எரியும். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போடாதே, உன் தம்பியை யாராவது அப்படிப் போட்டால் உனக்கு எப்படி இருக்கும்? மிட்டாய்ப் பொட்டலமும் வேண்டாம். சமைத்துப் போட்டால் உட்கார்ந்து சாப்பிடு. கடைசி நாளில் சாவி கொடுக்கிற சடங்கு இருந்தால் முன்னால் போய் நிற்காதே, அது அவர்கள் வீட்டு விசேஷம். வீட்டுக்காரி வாசலைத் தள்ளி வைக்கச் சொன்னால் முணுமுணுக்காதே.

கிளம்புமுன் ஒரு சனிக்கிழமை இங்கே வா. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் சுவர் எடுக்க 200 செங்கல் வாங்கிப் போட்டு ஒரு வருஷமாகிறது, உன் அத்தை தினமும் ஏசுகிறாள். நூல் கட்டித் தருகிறேன், ரசமட்டம் இருக்கிறது. 3 வரிசை வைத்துப் பார். கோணலாக இருந்தால் நான் பிரிப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா