அவன் எதிரில் முகர்ந்து பார்க்காதே

அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் பேசும்போது குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டாய். பெரியவன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான் போலும். தலையணை நாறுகிறது, முந்தின நாள் துவைத்து மாட்டிய உறை மறுநாளே நாறுகிறது, ராத்திரி தொட்டுப் பார்த்தால் தலை தொப்பலாக நனைந்திருக்கிறது, ஏதாவது நோயாக இருக்குமோ என்று கேட்டாய். அந்த நேரத்துக்கு வாயில் வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. வெறும் ஆறுதலை வைத்துக்கொண்டு நீ எப்படித் தூங்குவாய்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அவன் எட்டரைக்குத் தூங்குகிறான், நீ படுக்கப்போகும் பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்க்கிறாய் என்று சொன்னாய் அல்லவா? அந்த நேரக் கணக்கிலேயே பாதி பதில் இருக்கிறது. சிறு குழந்தைகளின் மிக ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் சில மணி நேரத்தில்தான் வரும். தூக்கிக்கொண்டு போய் வேறு கட்டிலில் போட்டாலும் தெரியாதே, அந்தத் தூக்கம். தூக்கம் பிடிக்கும்போது உடம்பு தன் உள்சூட்டைக் கொஞ்சம் இறக்குகிறது. சூட்டை வெளியே தள்ள அதற்குத் தெரிந்த வழிகளில் வேர்ப்பதும் ஒன்று. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்த ஆழ்ந்த தூக்கம் அதிகம். நாலு வயதுப் பிள்ளைக்கு நெற்றியும் பிடரியும் நனைந்து, விடியற்காலையில் தானாகக் காய்ந்துவிட்டால், பெரும்பாலும் அவன் நன்றாகத் தூங்குகிறான் என்றுதான் பொருள். விடியும்வரை விடாமல் வேர்த்து, உடுப்பும் விரிப்பும் மாற்றும் அளவுக்கு நனைந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, அவனுக்கு என்ன போட்டுப் படுக்க வைக்கிறாய்? இதை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீ சிறியவளாக இருந்தபோது உனக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, ஜன்னலையெல்லாம் சாத்தி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுவேன். உன் கையும் காலும் சில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்து இன்னொரு போர்வையும் போடுவேன். குழந்தைகளின் கையும் காலும் இயல்பாகவே கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும், சூடு பார்க்க வேண்டிய இடம் பிடரியும் மார்பும்தான் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. புழுக்கத்தில் உனக்கு வேர்க்கும். வேர்வை ஈரம் குளிரும். குளிர்ந்த உடம்பைத் தொட்டுப் பார்த்து நான் இன்னும் மூடுவேன். கழுத்து முழுக்க வேர்க்குரு. எத்தனை மாதம் உன்னை அப்படி வேக வைத்தேன் என்று நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. உன் பிள்ளைக்கு அது வேண்டாம். ஒரே அடுக்கு, தளர்வான பருத்தி உடுப்பு போதும். பிடரியில் விரல் வைத்துப் பார். பிசுபிசுப்பாக இருந்தால் ஒன்றைக் குறை. படுக்கப்போகும் நேரத்தில் வெந்நீர்க் குளியலோ ஓட்டமும் குதியுமான விளையாட்டோ இருந்தால் அதையும் சற்று முன்னால் தள்ளிவிடு.

பாப்பாவுக்கு இந்தக் கணக்கே வேறு. ஒரு வயது நிறையும்வரை தலையணையும் வேண்டாம், போர்வையும் வேண்டாம். மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். அந்த வயதில் உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவது தூக்கத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அண்ணனின் மெத்தையில் அவளைத் தனியாகக் கிடத்திவிட்டுப் போகாதே.

இனி நீ உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், நாற்றம்.

குழந்தையின் வேர்வைக்கு என்று பெரிய வாடை கிடையாது. அதில் 100 பங்குக்கு ஏறக்குறைய 99 பங்கு தண்ணீர், மீதி உப்பும் வேறு சில பொருள்களும். பெரியவர்களின் அக்குளில் வாடைக்குக் காரணமான சுரப்பிகள் பருவம் வரும்போதுதான் வேலையைத் தொடங்குகின்றன. அப்படியானால் தலையணை ஏன் நாறுகிறது? ஈரம் காயாததால். வேர்வையோடு தலையின் எண்ணெய்ப்பசை, உதிர்ந்த தோல், தூக்கத்தில் வழியும் எச்சில் எல்லாம் சேர்ந்து துணியில் ஊறுகின்றன. அந்த ஈரத்தில் கிருமிகள் பெருகி அவற்றைத் தின்று வெளியிடுவதைத்தான் நீ முகர்கிறாய். ஈரத்துணியைச் சுருட்டிப் போட்டுவைத்தால் இரண்டாம் நாள் ஒரு மக்கிய வாடை வருமே, அதுவேதான் இதுவும். உன் பிள்ளையின் உடம்பில் கோளாறு தேடிக்கொண்டிருக்காதே, படுக்கையில் ஈரம் எங்கே தங்குகிறது என்று தேடு.

எனக்குத் தோன்றுவது, அது தலையணையின் உள்ளே தங்குகிறது. நீ துவைப்பது உறையை மட்டும்தானே? உள்ளே இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் வேர்வையைக் குடித்திருக்கும். துவைத்த உறையை அதன்மேல் மாட்டிய அன்றிரவே, அவன் தலைச்சூடு பட்டதும், பழைய வாடை மேலே கிளம்பிவிடும். உறையைக் கழற்றிவிட்டுத் தலையணையை மட்டும் முகர்ந்து பார். அதிலேயே வாடை அடித்தால் இத்தனை நாள் உறையைப் போட்டு அடித்துத் துவைத்தது வீண் வேலைதான். துவைக்கக்கூடிய தலையணையானால் துவைத்து, உள்வரை காய்ந்ததா என்று அழுத்திப் பார்த்த பிறகே திரும்ப எடு. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் தலையணை முன்பைவிட மோசமாக நாறும். துவைக்க முடியாத பழைய தலையணையாக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, அலசிக் காயப்போடத் தோதான மெல்லிய ஒன்றை வாங்கு. உறைக்கு மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்துவை. ராத்திரி நனைந்தால் துண்டை உருவி எடுத்துவிட்டு உலர்ந்ததை வைத்தால் போதும். அவனை எழுப்ப வேண்டியதில்லை, நீயும் படுக்கை முழுவதையும் நடுராத்திரியில் புரட்ட வேண்டாம்.

மெத்தைக்கும் இதேதான். காலையில் அவன் எழுந்தவுடன் போர்வையை இழுத்து மூடி அழகாக விரித்துவைக்கும் பழக்கம் உனக்கு உண்டு. என்னிடமிருந்து வந்த பழக்கம்தான். அதை விட்டுவிடு. இரவு இறங்கிய ஈரத்தை அப்படியே மூடிப் பத்திரப்படுத்துவதாகிவிடுகிறது. போர்வையை உதறி நாற்காலியில் போடு, விரிப்பைப் பாதிவரை சுருட்டிவிட்டு ஜன்னலைத் திற. ஒன்றிரண்டு மணி நேரம் காற்று படட்டும். வெயில் கிடைக்கும் நாளில் மெத்தையை நிமிர்த்திவைத்தால் இன்னும் நல்லது. வாடை ஏறியிருக்கும் இடத்தில் சமையல் சோடாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடு. தண்ணீரை ஊற்றிக் கழுவாதே. ஊற்றிய தண்ணீர் அடிவரை இறங்கிவிடும், வெளியே வராது. மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். ஈரத்தைக் கீழே விடாது, சூட்டையும் விடாது, பிள்ளை அதற்கும் போர்வைக்கும் நடுவில் கிடந்து வேர்ப்பான். அது வேண்டியே இருந்தால் மேலே கனமான பருத்தி விரிப்பு ஒன்று போடு.

துவைப்பதில் இரண்டு மூன்று விஷயங்கள். நாற்றம் போகவில்லை என்று சோப்புத்தூளை அள்ளிப் போடாதே. அலசிப் போகாத சோப்பு இழைகளில் தங்கி அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவத்தையும் கொஞ்ச நாள் நிறுத்து. அது இழைகளின்மேல் ஒரு படலம் போலப் படிவதால் துணி ஈரத்தை உறிஞ்சுவது குறைகிறது. பாலியெஸ்டர் துணி வாடையைப் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்துவைக்கும், உறையும் விரிப்பும் பருத்தியாகவே இருக்கட்டும். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவை. படுக்கையில் வாழும் தூசிப் பூச்சிகளும் அந்தச் சூட்டில் சாகும். துவைத்ததை இயந்திரத்துக்குள்ளேயே மறந்துவிடாமல் உடனே உதறிக் காயப்போடு. ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வை. நாற்றத்துக்காக வினிகர் ஊற்றினாலும் சரி, பிளீச் ஊற்றினாலும் சரி, இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதே. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பொசுக்கும்.

வாசனைத் திரவியம் தெளிப்பதும் வேண்டாம், கழுத்தில் பவுடர் கொட்டுவதும் வேண்டாம். வாசனை ஈரத்தைப் போக்காது. பவுடர் தூள் மூச்சில் போவது குழந்தைகளுக்கு நல்லதல்ல.

நனைவது எந்த இடம் என்றும் ஒருமுறை கவனி. தலைமாட்டில் நனைந்தால் வேர்வை. இடுப்புக்குக் கீழே நனைந்து மூக்கில் ஏறும் நெடி அடித்தால் அவன் தூக்கத்தில் சிறுநீர் போகிறான். நாலு வயதில் அதுவும் இயல்புதான், அதற்காக ஒரு வார்த்தை திட்டாதே.

திட்டுவது என்றதும் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு ஐந்து வயது. ஒரு நாள் காலையில் உன் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்திருந்தவர்கள் எதிரில், "சீ, என்ன நாற்றம்!" என்று சொன்னேன். தலையணையைத்தான் சொன்னேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நீ ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் எழுந்து பார்க்கிறேன், படுக்கையில் நீ இல்லை. குழாயடியில் உட்கார்ந்து அந்தத் தலையணை உறையைக் கசக்கிக்கொண்டிருந்தாய். சோப்பு எட்டவில்லை, வெறும் தண்ணீரில் கசக்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "நான் நாறவில்லை அம்மா" என்றாய். அதற்குப் பிறகு வெகுநாள் யார் பக்கத்திலும் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்தக் குழாயடியும் உன் சிறிய கையும் மறக்கவில்லை.

நேற்று நீ குரலைத் தாழ்த்திப் பேசியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்குத் தாழ்ந்த குரலும் கேட்கும். தலையணையைப் பார்த்து நாம் முகம் சுளித்தால் தன்னைப் பார்த்துச் சுளிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வான். முகர்ந்து பார்ப்பதானால் அவன் இல்லாதபோது பார். உறை மாற்றும்போது அவனையும் கூப்பிட்டு, "வா, உன் தலையணைக்குச் சட்டை மாற்றலாம்" என்று சொல். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவை. விளையாட்டாகக்கூட அவர் அதைச் சொல்லிக் கேலி செய்ய வேண்டாம்.

கடைசியாக, மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பது. நான் எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதே. காய்ச்சல் இறங்கும்போது வேர்ப்பது சாதாரணம், அது ஓரிரு நாளில் முடிந்துவிடும். உடுப்பைக் குறைத்து, அறையில் புழுக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்ட பிறகும் இரவுக்கு இரவு விரிப்பு நனைந்தால் காட்ட வேண்டும். எடை குறைவது, காய்ச்சல் வந்து வந்து போவது, இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி, முன்பு ஓடியாடிய பிள்ளை சோர்ந்து உட்காருவது, இவற்றில் ஒன்று வேர்வையோடு சேர்ந்தாலும் நாள் கடத்தாதே. இந்த வயதிலேயே அவன் அக்குளில் பெரியவர்களுடையது போன்ற வாடை வந்தால் அதையும் சொல்ல வேண்டும். பாப்பாவைப் பற்றி ஒன்று: பால் குடிக்கும்போதே அவளுக்கு நெற்றி வேர்த்து மூச்சு வாங்கினால் அன்றைக்கே காட்டிவிடு. இதயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது அவன் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினான். சளி என்று நீ சொன்னாய், நானும் விட்டுவிட்டேன். இப்போதும் அப்படித்தானா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ வீங்கினால் குழந்தை குறட்டை விடும், மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டு வரும். மூச்சுக்காக உடம்பு படும் பாட்டில் அதிகமாக வேர்ப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகள் பகலில் சிடுசிடுவென்று இருப்பார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தால் இதற்கு நல்ல வழி இருக்கிறது.

ஆகவே இன்றிரவு ஒன்று செய். அவன் தூங்கி ஒரு மணி நேரம் கழித்து, விளக்கைப் போடாமல் அவன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார். வாய் திறந்திருக்கிறதா, குறட்டை வருகிறதா, மூச்சு நடுவில் நின்று பிறகு திணறலோடு இழுக்கிறதா என்று கவனி. கேட்பதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டால் மருத்துவருக்கும் உதவும். இரண்டு வாரத்துக்கு எந்த நேரத்தில் எவ்வளவு நனைந்தது என்று ஒரு வரி எழுதி வா. மூச்சு நின்று இழுப்பதைப் பார்த்துவிட்டால் மட்டும் அந்த இரண்டு வாரத்துக்குக் காத்திருக்காதே.

காலையில் எனக்குப் போன் செய். எவ்வளவு சீக்கிரமானாலும் விழித்துத்தான் இருப்பேன்.

உன்
அம்மா